மரத்தூளுக்கு எந்த வாக்குவம் வாங்குவது? பத்தடிப் பட்டறை, காவேரிப்பட்டணம்

பெண்ணையாற்றுக்கரை:

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் தகரக் கூரை போட்ட கொட்டகை. அதுதான் என் பட்டறை. பிழைப்பு வேறு, சனி, ஞாயிறு மட்டும் மரவேலை. ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கழித்துப்போடும் பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) பைன் பலகை, தோப்பு வெட்டும்போது கிடைக்கும் மாம்பலகை, அலமாரிக்கு எம்.டி.எஃப் (மரநாரைப் பிசினோடு அழுத்திய பலகை). ஏழு அங்குல வட்ட ரம்பம், பள்ளமும் விளிம்பும் வெட்டும் ரவுட்டர், தேய்க்க வட்டத் தாள் சாண்டர், கைப் பிளானர் ஆகியவை இருக்கின்றன.

தூசிதான் தொல்லை. போன மாதம் அம்மா வாசலில் பாய் விரித்துப் புளி காயவைத்திருந்தார். நான் எம்.டி.எஃப் தேய்த்து முடித்தபோது புளி முழுக்க விபூதி பூசியதுபோல் ஆகிவிட்டது. அன்றிலிருந்து கொட்டகைக் கதவைத் திறந்தாலே பார்வை வேறு மாதிரி இருக்கிறது.

மச்சான் கார் கழுவப் பயன்படுத்தும் வாக்குவம் கிளீனரை இரவல் வாங்கிப் பார்த்தேன். சாண்டரில் மாட்டியதும் முதலில் நன்றாக இழுத்தது. கால் மணி நேரத்தில் கொட்டகைக்குள் வெண்புகை. இயந்திரத்தின் பின்புறக் காற்றோடு தூள் வெளியே வந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு பழைய வேட்டித் துணியைச் சுற்றினேன். புகை நின்றது. ஐந்து நிமிடத்தில் இழுப்பும் நின்றது.

பதினைந்தாயிரம் ரூபாய் வரை போட முடியும். ஒரு கடையில் 1,600 வாட், 30 லிட்டர் ஒன்றைக் காட்டினார்கள். அதே விலையில் 1,200 வாட், 20 லிட்டர், மேலே ஒரு சாக்கெட் வைத்த இன்னொன்றும் இருக்கிறது. பெரியதையே வாங்கிவிடலாமா?

ஓசூர் ஷிப்டு:

பெரியதை வாங்குங்கள். வாட் கூடினால் இழுப்பும் கூடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பாலக்கோட்டு ஆசாரி:

தம்பி, அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். மச்சானின் இயந்திரத்தைத் திறந்து, மோட்டாருக்குக் கீழே இருக்கும் கூண்டின் மேல் என்ன மாட்டியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். மடிப்பு மடிப்பாகக் காகித வடிகட்டியா, துணிப்பையா, கருப்பு ஸ்பாஞ்சா?

பெண்ணையாற்றுக்கரை:

ஸ்பாஞ்ச் உறை மட்டும்தான் அண்ணா. வேறு எதுவும் இல்லை.

பாலக்கோட்டு ஆசாரி:

நினைத்தேன். அது தண்ணீர் இழுக்கப் போடுவது. அதன் துளைகள் வழியே எம்.டி.எஃப் தூள் கோவில் வாசலில் கூட்டம் நுழைவதுபோல் நுழைந்து போகும். ஆக, நீங்கள் செய்தது தூசியைப் பிடித்தது இல்லை. கீழே கிடந்ததை எடுத்து மேலே வீசியது. வேட்டி நெருக்கமான நெசவு, பரப்போ சின்னது. அதனால் உடனே அடைத்துக்கொண்டது. மடிப்பு வடிகட்டியை ஏன் மடிக்கிறார்கள்? அந்தச் சின்னக் கூண்டுக்குள் பரப்பைப் பல மடங்கு கூட்டத்தான். அந்த இயந்திரத்தில் பழுது எதுவும் இல்லை.

ஓசூர் ஷிப்டு தம்பிக்கு: வாட் என்பது மோட்டார் குடிக்கும் மின்சாரம். குழாய் முனையில் எவ்வளவு காற்று போகிறது என்பதை அது சொல்லாது. பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று விநாடிக்கு எத்தனை லிட்டர் காற்று. இன்னொன்று இழுவிசை, கிலோபாஸ்கலிலோ மில்லிபாரிலோ போட்டிருப்பார்கள். 200 மில்லிபார் என்றால் 20 கிலோபாஸ்கல். இந்த இரண்டையும் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். இரண்டும் அச்சிடாமல் வாட்டை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் நான் அந்தப் பெட்டியை அலமாரியிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

ராயக்கோட்டை ரவுட்டர்:

வாக்குவமே வேண்டாம், நான்கு அங்குலக் குழாய் வைத்த தூசி சேகரிப்பான் வாங்குங்கள் என்று சொல்ல வந்தேன். பெரிய பட்டறைகளில் அதைத்தானே வைத்திருக்கிறார்கள்?

பாலக்கோட்டு ஆசாரி:

என் பட்டறையிலும் இருக்கிறது, ஆனால் அதில் மாட்டியிருப்பது திக்னசர், பலகையை ஒரே கனத்துக்கு இழைக்கும் பெரிய இயந்திரம். சேகரிப்பான் நிறையக் காற்றை மெதுவான இழுவிசையில் நகர்த்தும். அகலக் குழாய் வேண்டும். வாக்குவம் கொஞ்சம் காற்றைக் கடுமையாக இழுக்கும். குறுகிய குழாயிலும் திணறாது. சாண்டர், ரவுட்டர் வாயெல்லாம் 35 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். அதில் சேகரிப்பானை மாட்டினால் யானைக்கு உறிஞ்சுகுழலில் தண்ணீர் காட்டின கதை. கைக்கருவிக்கு வாக்குவம், நிலையாக நிற்கும் இயந்திரத்துக்குச் சேகரிப்பான்.

உங்கள் கைப் பிளானரை இரண்டிலும் மாட்ட வேண்டாம். அதன் சிராய் குழாய் வளைவில் போய்க் கொத்தாக நிற்கும். அதற்கு ஒரு துணிப்பை கட்டிக்கொள்ளுங்கள். இழைப்புளிச் சுருளைத் துடைப்பத்தால் கூட்டி வெந்நீர் அடுப்புக்குக் கொடுத்துவிடலாம். எம்.டி.எஃப் தூளை மட்டும் அடுப்பில் போடாதீர்கள், அதில் பிசின் இருக்கிறது.

நாலு ரோடு வயரிங்:

தருமபுரியில் மின்வேலை செய்கிறேன். மரம் தெரியாது, கரண்ட் தெரியும். சாக்கெட் வைத்த வாக்குவம் நல்ல யோசனை: ரம்பத்தை அதில் செருகி, ரம்பத்தின் சுவிட்சை அழுத்தினால் வாக்குவமும் தானே ஓடும், நிறுத்தினால் குழாயில் மிச்சமிருக்கும் தூளை இழுத்துவிட்டுச் சில விநாடி கழித்து நிற்கும். ஆனால் இரண்டின் சுமையும் ஒரே பிளக் வழியாக வருகிறது. ரம்பம் 1,300, வாக்குவம் 1,200, மொத்தம் 2,500 வாட். 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 11 ஆம்பியர். கொட்டகையில் இருப்பது 6 ஆம்பியர் பாயிண்டா?

பெண்ணையாற்றுக்கரை:

ஆமாம். அதுவும் சமையலறையிலிருந்து இழுத்த எக்ஸ்டென்ஷன் பெட்டி. ரம்பம் ஓடும்போது வயர் கொஞ்சம் சூடாகும்.

நாலு ரோடு வயரிங்:

அந்த வயரை இன்றே கழற்றிவிடுங்கள். முதலில் 16 ஆம்பியர் பாயிண்ட், 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, எர்த், சுமை மீறினால் தானே அணையும் தனி எம்.சி.பி சுவிட்ச். அப்புறம் வாக்குவம். வாக்குவத்தின் சாக்கெட்டில் எத்தனை வாட் வரை மாட்டலாம் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். ரம்பம் அதற்குள் வருகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். நீங்கள் முதலில் சொன்ன 1,600 வாட்டைத் தனியாக ஓட்டினாலே 7 ஆம்பியர். உங்கள் பாயிண்ட் அதையே தாங்காது.

சூளகிரி மூச்சு:

ஒன்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு ஆண்டு முகமூடி இல்லாமல் தேக்கு மரமும் ஈட்டி மரமும் தேய்த்தவன் நான். இப்போது ஈட்டித் தூள் பட்டாலே தும்மல் நிற்காது. உலகச் சுகாதார அமைப்பைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வெளியிட்ட தொகுப்பிலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்துவிட்டது. கண்ணுக்குத் தெரியும் தூள் தரையில் விழுந்துவிடும். தெரியாத தூள்தான் மணிக்கணக்கில் அந்தரத்தில் நின்று நெஞ்சுக்குள் போகும். எனவே வடிகட்டியில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். ஹெப்பா வடிகட்டி என்றால் 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும். வெறுமனே 'ஹெப்பா வகை' என்று எழுதியிருந்தால் அதில் எந்தக் கணக்கும் இல்லை. வாக்குவம் இருந்தாலும் என்95 முகமூடி போடுங்கள்.

பெண்ணையாற்றுக்கரை:

நன்றி ஐயா. ஆனால் நல்ல வடிகட்டி என்றால் சீக்கிரம் அடைக்கும் அல்லவா? வேட்டிக்கு நடந்ததுதானே அதற்கும் நடக்கும்?

பாலக்கோட்டு ஆசாரி:

சரியான கேள்வி. தூளை வடிகட்டி வரை போகவே விடக்கூடாது. நடுவில் ஒரு சுழல் புனல் வையுங்கள். சைக்ளோன் என்று கேட்டால் தனியாகவே கிடைக்கும். காற்று அதற்குள் சுற்றும்போது கனமான தூள் சுவரை ஒட்டி இறங்கிக் கீழே வாளியில் விழும். காற்று மட்டும் மேலே ஏறி வாக்குவத்துக்குப் போகும். பெரும்பகுதி வாளியிலேயே தங்கிவிடும். மிச்சத்துக்கு வாக்குவத்தின் உள்ளே நெய்யாத துணிப்பை ஒன்று, அதற்கும் பின்னால் மடிப்பு வடிகட்டி. இப்படி வைத்தால் 20 லிட்டர் போதும், 30 தேவையில்லை. நிரம்பப்போவது வாளிதானே.

ராயக்கோட்டை ரவுட்டர்:

வாளிக்கு 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் போதும். ஓட்டை போட்டு ஒட்டினால் ஆயிற்று.

பாலக்கோட்டு ஆசாரி:

போதும், குழாய் அடைக்காத வரை. அடைத்துவிட்டால் முழு இழுவிசையும் பக்கெட்டின் மேல் உட்காரும். மூடியின் குறுக்களவு 28 சென்டிமீட்டர், இழுவிசை 20 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால் மூடியின் மேல் மட்டும் ஏறத்தாழ 125 கிலோ. இரண்டு ஆள் ஏறி நின்றதற்குச் சமம். அப்பளம்போல் உள்ளே மடங்கிவிடும். ஒரு பக்கெட்டுக்குள் இன்னொன்றைச் செருகி இரட்டைச் சுவராக்குங்கள், மூடிக்கு அடியில் பிளைவுட் வட்டம் வைத்துத் திருகுங்கள்.

சாண்டர் வாயும் குழாய் வாயும் பொருந்தாது, எப்போதும் பொருந்தாது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு சாண் வெட்டி உறையாக மாட்டிக் கிளிப் போடுங்கள். காசு கொடுத்து வாங்கிய அடாப்டர் மூன்று என்னிடம் சும்மா கிடக்கின்றன.

நாலு ரோடு வயரிங்:

உளி தீட்டும் கிரைண்டர் அதே கொட்டகையில் இருந்தால் அதன் பொறி எக்காரணம் கொண்டும் குழாய்க்குள் போகக்கூடாது. தூளுக்குள் பொறி உறங்கும், நள்ளிரவில் விழிக்கும். வேலை முடிந்ததும் வாளியை வெளியே கொட்டிவிட்டுத்தான் பூட்ட வேண்டும். தின்னர், என்.சி. லாக்கர் (மரத்துக்குப் பூசும், எளிதில் தீப்பற்றும் பூச்சு) சிந்தினால் அதையும் வாக்குவத்தில் இழுக்காதீர்கள். கார்பன் பிரஷ் மோட்டார் உள்ளே பொறி தட்டிக்கொண்டேதான் ஓடும்.

பாலக்கோட்டு ஆசாரி:

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. பேலட் பலகை என்பதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஓரத்தில் முத்திரை இருக்கும். ஆங்கிலத்தில் எச்.டி. என்றால் சூட்டில் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகை காட்டியது, தொடாதீர்கள்.

பெண்ணையாற்றுக்கரை (மூன்று வாரம் கழித்து):

முடிவு சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது. 16 ஆம்பியர் பாயிண்ட் போட்டாயிற்று. 1,200 வாட், 20 லிட்டர், சாக்கெட் வைத்ததையே வாங்கினேன். என் ரம்பம் அதன் வரம்புக்குள் வருகிறது. புனல், துணிப்பை, ஒரு மாற்று வடிகட்டி எல்லாம் சேர்ந்து கணக்குக்கு மேல் ஆயிரத்துச் சொச்சம் போனது.

முதல் பக்கெட் அப்பளமானது. இரட்டைச் சுவர் என்று நீங்கள் எழுதியதைச் சோம்பலில் ஒற்றையாகவே செய்து பார்த்தேன். மரச்சில்லு ஒன்று குழாயில் சிக்கியதும் 'டம்' என்று சத்தம். பக்கத்து வீட்டு மாமா மதில் மேல் எட்டிப் பார்த்தார். இரண்டாவதில் ஒழுங்காகப் பிளைவுட் வைத்தேன், நிற்கிறது.

நேற்று எம்.டி.எஃப் கதவு இரண்டைத் தேய்த்து முடித்துத் திறந்து பார்த்தேன். பக்கெட்டில் முக்கால் பாகம் தூள். வாக்குவத்தின் பையில் ஒரு டம்ளர் இருக்கும். மடிப்பு வடிகட்டியில் விரலால் கோடு போட்டால் தெரியும் அளவுக்குத்தான். வெயில் விழும் இடத்தில் நின்று காற்றைப் பார்த்தேன். ரம்பம் ஓடும்போது மட்டும் இன்னும் தூள் பறக்கிறது, ஏனென்றால் அதன் பற்கள் பலகைக்குக் கீழே பாதியைத் துப்பிவிடுகின்றன. அதற்கு வாசலில் வைத்து அறுப்பதுதான் வழி, முகமூடியோடு. புளி உள்ளே போன பிறகு.

மச்சானின் இயந்திரத்தைத் துடைத்து, ஸ்பாஞ்சைக் கழுவிக் காயவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதன் மோட்டாருக்குள் போன எம்.டி.எஃப் பற்றி இன்னும் அவரிடம் சொல்லவில்லை.