புதுப்பிப்பு: பைக்கின் முன் பிரேக் லிவர் சரியாகிவிட்டது

பைக்கின் முன் டிஸ்க் பிரேக்கில் ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் குழாய்) மாற்றியதிலிருந்து லிவர் பஞ்சு மாதிரி அமுங்குகிறது, ஆயிலில் சிக்கிய காற்றை எவ்வளவு வெளியேற்றினாலும் தீரவில்லை என்று எழுதியிருந்தேன் இல்லையா, அது சரியாகிவிட்டது.

சக்கரத்துப் பக்கம் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் ஒரு குறையும் இல்லை. காற்று மாட்டியிருந்தது மேலே, மாஸ்டர் சிலிண்டரோடு (லிவரை அமுக்கினால் ஆயிலைத் தள்ளும் பகுதி) ஹோஸ் சேரும் பேஞ்சோ போல்ட்டில் (ஆயில் போக உள்ளே துளையுள்ள போல்ட்). லைனிலேயே உயரமான இடம் அது. கீழே காலிப்பரில் காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து லிவரை அமுக்கினால் குமிழி கொஞ்சம் இறங்கும், விட்டதும் மறுபடி மேலேறிவிடும், அப்புறம் பாட்டில் பாட்டிலாக ஊற்றி என்ன பயன்? போல்ட்டைச் சுற்றித் துணி கட்டி, லிவரை அமுக்கிப் பிடித்தபடி லேசாகத் தளர்த்தி, லிவர் ஹேண்டில்பாரைத் தொடுவதற்குள் இறுக்கினேன். புஸ்ஸென்று நுரை. வெறும் ஆயில் கசியும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்தேன். பிறகு லிவரை ராத்திரி முழுக்க ரப்பர் டியூபால் கட்டிவைத்தேன் (இதைச் சொன்னவருக்கு நன்றி), காலையில் கல் மாதிரி இருந்தது.

சிரிஞ்சால் கீழிருந்து ஆயிலை ஏற்றுவதும் நல்ல வழிதான், ஆனால் மேலே உள்ள ஆயில் கிண்ணம் (ரிசர்வாயர்) நிரம்பி வழியாமல் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். வழிந்தால் டேங்க் பெயின்ட் காலி. உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பழைய, திறந்துவைத்த டாட் 4 (பிரேக் ஆயில் வகை) பாட்டில் வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சும்: புதியதற்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியதற்கு 155தான். பேஞ்சோவைக் கழற்றினால் செம்பு வாஷர் இரண்டையும் புதிதாகப் போடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை.

என் பைக்கில் பின்னால் டிரம் பிரேக், அதில் ஆயிலே இல்லாததால் இந்தத் தொல்லையே கிடையாது.