மாங்கா பக்கத்துக்கு வண்ணம் போட எந்த மென்பொருள்? பக்கெட் படுத்துகிறது

மைக்கூடு:
பொழுதுபோக்குக்குத்தான் கேட்கிறேன். கறுப்பு வெள்ளை மாங்கா (ஜப்பானியப் படக்கதை) பக்கங்களை ஸ்கேன் செய்து வண்ணம் போட ஆசை. வரைய வராது, வண்ணம் மட்டும்தான். கையில் இருப்பது கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருள், சாதாரண மவுஸ். பக்கெட்டால் (கோட்டுக்குள் இருக்கும் இடத்தை ஒரே சொடுக்கில் நிரப்பும் கருவி) நிரப்பினால் தலைமுடிக் கோட்டில் எங்கோ இருக்கும் இடைவெளி வழியாக நிறம் முகமெல்லாம் பாய்கிறது. பாயாத இடத்தில் கோட்டை ஒட்டி வெள்ளை விளிம்பு நிற்கிறது. நிழலுக்கான புள்ளிகள் உள்ள இடத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கிளிப் ஸ்டூடியோ பெயிண்ட் வாங்கினால் தீருமா, இலவசமாகவே வழி இருக்கிறதா?

சாம்பல்:
காசை அப்புறம் பார்க்கலாம். கோடும் நிறமும் ஒரே லேயரில் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் மாதிரி) இருக்கின்றன, அதுதான் வினை. ஸ்கேன் லேயரை மேலே வைத்து மல்டிப்ளை முறைக்கு மாற்றுங்கள். அதன் வெள்ளை மறைந்து கறுப்பு மட்டும் நிற்கும். நிறமெல்லாம் கீழே தனி லேயரில். அது கோட்டுக்கு அடியில் இரண்டு பிக்சல் புகுந்தாலும் வெளியே தெரியாது, விளிம்பும் போய்விடும்.

பாய்வதற்கு கிம்பிலேயே மருந்து உண்டு. 2019இல் வந்த 2.10.10 பதிப்பிலிருந்து பக்கெட்டில் 'லைன் ஆர்ட் டிடெக்‌ஷன்' என்ற தேர்வு இருக்கிறது. இடைவெளியைத் தானே மூடிக்கொண்டு நிரப்பும்.

ஆனாலும் மவுஸ் மட்டும் வைத்திருப்பவருக்கு நான் க்ரிட்டாவைத்தான் சொல்வேன். இலவசம். அதில் கலரைஸ் மாஸ்க் என்று ஒன்று. முகத்தில் தோல் நிறத்தில் ஒரு கீற்று, சட்டையில் நீலக் கீற்று, பின்னணியிலும் ஒன்று. கோணல்மாணலாக இருந்தால் போதும். அப்டேட்டை அழுத்தினால் ஒவ்வொரு நிறமும் கோடு வரை பரவி நிற்கும். பின்னணிக் கீற்றை விட்டுவிட்டால் சட்டையின் நீலம் வானத்துக்கும் போய்விடும், கவனம். முழுப் பக்கத்தையும் கொடுத்தால் திணறும், கட்டம் கட்டமாகச் செய்யுங்கள்.

புள்ளிகளுக்குப் பெயர் ஸ்க்ரீன்டோன். இங்கேதான் பொறுமை வேண்டும். ஸ்கேன் லேயரை நகலெடுத்து, புள்ளிகள் சாம்பலாகக் கலக்கும் வரை லேசாக பிளர் செய்து, லெவல்ஸில் (வெளிச்சம், இருட்டு அளவை மாற்றும் கருவி) அந்தச் சாம்பலை வெள்ளைக்குத் தள்ளுங்கள். வெளிர் டோன் போய்விடும், கோடு தங்கும். அடர் டோன் இதற்கு மசியாது. அதை நான் அழிப்பதே இல்லை. 'கலர் டு ஆல்ஃபா' மூலம் வெள்ளையை நீக்கிவிட்டு, ஆல்ஃபாவைப் பூட்டி (அதாவது வெற்றிடத்தில் நிறம் ஒட்டாதபடி செய்து), புள்ளிகளுக்கே அடிநிறத்தைவிட ஒரு படி அடர்ந்த நிறம் கொடுப்பேன். சிவப்புச் சட்டையில் கருஞ்சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். அழுக்காக இருந்தது அச்சு நிழலாகிவிடும். ஸ்கேன் 600 டிபிஐயில் இருக்கட்டும், எல்லாம் முடிந்தபின் ஒரே தடவை சுருக்குங்கள். நடுவில் சுருக்கினால் புள்ளிகள் அலை அலையாக மாறிவிடும்.

தூரிகை:
நான் கிளிப் ஸ்டூடியோ கட்சி. கோட்டு லேயரை ரெஃபரன்ஸ் லேயராகக் குறித்துவிட்டால் (கலங்கரை விளக்கச் சின்னம்) எந்த லேயரில் நிரப்பினாலும் அந்தக் கோட்டைத்தான் பார்க்கும். இடைவெளி மூடவும், நிறத்தைக் கோட்டுக்கு அடியில் சில பிக்சல் விரிக்கவும் ஃபில் கருவியிலேயே அமைப்பு இருக்கிறது. நிறைய பக்கம் செய்பவருக்கு நேரம் மிச்சம். வாங்குவதானால் புரோ பதிப்பு போதும், பல பக்கங்களை ஒரே கோப்பாக வைத்து முழுப் புத்தகம் செய்பவர்களுக்குத்தான் இஎக்ஸ் பதிப்பு. எதில் செய்தாலும் அடிநிறம் போடும்போது ஆன்டி-ஏலியாஸிங்கை (ஓரத்தை மழுப்பி மென்மையாக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். பிறகு ஒரே நிறப் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் மேஜிக் வாண்டால் ஒரே சொடுக்கில் சட்டையை மட்டும் எடுக்கலாம், ஓரத்தில் பிசிறு ஒட்டாது. இன்னொன்று, அடுத்தவர் வரைந்த பக்கத்துக்கு நீங்கள் போட்ட வண்ணத்தைப் பொதுவில் போடுமுன் உரிமை விஷயத்தைப் பாருங்கள்.

மைக்கூடு:
க்ரிட்டாவில் ஒரு கட்டம் முடித்தேன். முகமும் சட்டையும் அருமை! ஆனால் முடி முழுக்க மை அப்பிய கறுப்பு, நடுவில் வெள்ளைப் பளபளப்பு மட்டும். கீழே நீலம் வைத்தால் பளபளப்பு மட்டும் நீலமாகிறது, முடி அப்படியே இருக்கிறது.

சாம்பல்:
மல்டிப்ளைக்கு அடியில் என்ன வைத்தாலும் கறுப்பு கறுப்புதான். கீழே வைத்த நீலத்தை எடுத்துவிடுங்கள். கோட்டு லேயருக்கு மேல் புது லேயர், ஸ்கிரீன் முறை, முடியின் மேல் மட்டும் மிக அடர்ந்த நீலம். கறுப்பு நீலமாகும், பளபளப்பின் வெள்ளை அப்படியே இருக்கும்.