ஒயின் ஷாப்பில் இல்லாத ஒயின்: உங்கள் அனுபவம் என்ன?

நங்கநல்லூரிலிருந்து:

சென்னையில் வளர்ந்தவர்களுக்கு ‘ஒயின் ஷாப்’ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பிராந்தி இருக்கும், ரம் இருக்கும், பீர் இருக்கும்; பலகையில் எழுதிய ஒயினைத்தான் தேட வேண்டும். 2003-இல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்குப் போன பிறகும் அந்தப் பெயர் நம் வாயை விட்டுப் போகவில்லை.

நான் முதலில் வாங்கிய ஒயின் பாட்டில், ஏசி இல்லாத ஒரு கடையின் மேல்தட்டில் மாதக்கணக்காக நின்றிருந்தது. சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்று எங்கோ படித்ததை நம்பி, மே மாதத்தில் அப்படியே திறந்தேன். கொதித்த திராட்சை ரசத்தில் காடியைக் கலந்தது போலிருந்தது. அந்த ‘அறை’ 18 டிகிரி இருக்கும் ஐரோப்பிய அறை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அதன் பிறகு பத்து வருடம் ஒயின் பக்கமே போகவில்லை.

போன பிப்ரவரியில் பெங்களூரில் தங்கை மகளுக்கு வளைகாப்பு. கம்பத்திலிருந்து மாமாவும் வந்திருந்தார். முப்பது வருடமாகப் பன்னீர் திராட்சை போடுகிறவர், மதுவைத் தொட்டதில்லை. மறுநாள் பொழுது போகாமல், தொட்டபள்ளாபுரம் பக்கம் நந்தி மலையடிவாரத்தில் உள்ள குரோவர் ஜாம்பா என்ற ஒயின் நிறுவனத்தின் திராட்சைத் தோட்டத்துக்குப் போகலாமா என்று கேட்டேன். “தோட்டமென்றால் வருகிறேன் மாப்பிள்ளை. குடிப்பது உன் பாடு” என்றார்.

உள்ளே நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “பந்தல் எங்கே?” கம்பத்தில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே பந்தலில் கொடி படரும், குனிந்து நடக்கும் நம் தலையில் குலை இடிக்கும். இங்கே கொடிகள் வேலி கட்டியது போல வரிசை வரிசையாக இடுப்புயரக் கம்பிகளில் நிற்கின்றன. சுற்றிக் காட்டிய பையன், வருடத்துக்கு இரண்டு கவாத்து, ஆனால் ஒரே அறுப்பு என்றான். மாமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் வருடம் முழுவதும் எங்கேயாவது திராட்சை அறுத்துக்கொண்டே இருப்பார்கள். “இரண்டு தடவை வெட்டிவிட்டு ஒரு அறுப்பு என்றால் கூலி கட்டுமா?” என்று அவனைக் குடைந்தார். போதாக்குறைக்கு, கொடியில் காய்த்த குலைகளில் கொஞ்சத்தை வேண்டுமென்றே கிள்ளி எறிவார்களாம். மிச்சமிருக்கும் குலைகளுக்குச் சத்து போய்ச் சேர்வதற்கு.

மாமா ஒன்றும் பேசவில்லை. ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் ரகத்தின் குலையிலிருந்து ஒரு பழத்தைக் கேட்டு வாங்கி வாயில் போட்டார். பன்னீர் திராட்சையில் பாதிகூடத் தேறாத அளவு. தோல் தடிமன், கொட்டை பெரிது, சதை கொஞ்சம். நெடுநேரம் தோலை மென்றுகொண்டிருந்தார். “சாறு வெளுப்புதான். சாயமெல்லாம் தோலில் இருக்கிறது” என்றார். பையன் சொல்ல வைத்திருந்த பாடமே அதுதான்: தோலோடு ஊறினால் சிவப்பு ஒயின், சாற்றை மட்டும் பிழிந்து எடுத்தால் வெள்ளை.

1988-இல் நிறுவனத்தைத் தொடங்கிய கன்வல் குரோவர், ஜார்ஜ் வெசெல் என்ற பிரெஞ்சு வல்லுநரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இந்த மண்ணுக்கு எது ஒத்துவரும் என்று பார்க்க 35 பிரெஞ்சு ரகங்களை நட்டுப் பார்த்திருக்கிறார். மாமாவுக்கு இதுதான் பிடித்தது. கம்பத்துப் பன்னீர் திராட்சையையும் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் 1832-இல் கொண்டுவந்தார் என்பார்கள். 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அதைப் பையனிடம் சொல்லிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

பிறகு ருசி பார்க்க ஐந்து கோப்பை ஒயின். ஒவ்வொன்றிலும் இரண்டு மடக்குக்கு மேல் இராது. நான் குடித்தேன், மாமா முகர்ந்தார். சாவிஞ்ஞோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினை முகர்ந்துவிட்டு, “கொய்யாக்காய். அதுவும் பழுக்காதது” என்றார். எனக்கு அதுவரை வெறும் புளிப்பாக இருந்தது, அவர் சொன்ன பிறகு கொய்யாவைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. கேபர்னே சாவிஞ்ஞோன் ரகத்தையும் ஷிராஸையும் கலந்து ஓக் மரப் பீப்பாயில் வைத்தெடுக்கும் லா ரிசர்வ் என்ற சிவப்பு ஒயின் வந்தபோது, நாக்கில் என்ன தெரிகிறது என்று கேட்டார். ஈறு இழுக்கிறது என்றேன். “புளியங்கொட்டைத் தோலைக் கடித்த துவர்ப்பா?” அதேதான்! இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

மாநில எல்லையைத் தாண்ட வேண்டுமே என்று பாட்டில் எதுவும் வாங்கவில்லை.

அடையாற்றிலிருந்து:

அங்கே விஜய் அமிர்தராஜ் பெயரில் வரும் வரிசையைக் கேட்டீர்களா? நம் ஊர் டென்னிஸ்காரர் பெயரில் ஒயின் என்றதும் நான் வெறும் விளம்பரம் என்றுதான் நினைத்தேன். ஒரு ஓட்டலில் அதிலுள்ள வெள்ளையை, வியோன்யே ரகம், நெத்திலி வறுவலோடு குடித்தேன். பூவும் பழமும் சேர்ந்த வாசனை. ஆனால் மிளகாய்க் காரம் அதை அமுக்கிவிட்டது. காரத்துக்குக் கொஞ்சம் இனிப்பு நிற்கிற சேனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் தேவலை. வஞ்சிரம் மீன்குழம்புக்கு எதுவும் தோதில்லை, மோர்தான்.

பெரம்பூரிலிருந்து:

எங்கள் தெருவில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அதிகம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி அக்டோபர் பிறந்ததும் கறுப்புத் திராட்சையைக் கழுவித் துடைத்து, ஊறுகாய் ஜாடியில் சர்க்கரை, பட்டை, கிராம்பு, ஒரு பிடி கோதுமை எல்லாம் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பார். தினமும் மரக்கரண்டியால் ஒரு கிளறு. கிறிஸ்துமஸ் அன்று எங்களுக்கும் ஒரு சின்ன கிளாஸ், பிளம் கேக்கோடு.

அதைப் பார்த்து நானும் ஒருமுறை போட்டேன். எறும்பு ஏறுமே என்று கண்ணாடி ஜாடியின் மூடியை இறுக்கி மூடிவிட்டேன். நொதிக்கும்போது வாயு வெளியேற வழி வேண்டும் என்பது யாருக்குத் தெரியும்? நான்காம் நாள் ராத்திரி சமையலறையில் படார் என்று ஒரு சத்தம். அந்தச் சுவரில் ஊதா நிறத்தின் மேல் இரண்டு முறை வெள்ளையடித்தும் மழைக்காலத்தில் எட்டிப் பார்க்கிறது. துணி எதற்கென்று ஆன்ட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நங்கநல்லூரிலிருந்து, மறுபடியும்:

விஜய் அமிர்தராஜ் வரிசை அன்றைய ஐந்தில் இல்லை. பெரம்பூர்க்காரருக்கு, மாமாவிடம் உங்கள் ஜாடிக் கதையைச் சொன்னேன், சிரித்தார். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். பந்தலின் ஓரத்தில் ஒரே ஒரு வரிசையில் பாதிக் குலைகளைக் கிள்ளிப் போட்டுவிட்டு, என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறாராம். அத்தைக்கு இன்னும் தெரியாது.