டாக்ட்ராட் வீட்டுக்கு ‘இடைகழி வீடு’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஒரு பழைய வீட்டுவகை டாக்ட்ராட் (dogtrot, சொல்லுக்குச் சொல் ‘நாயின் மெல்லோட்டம்’). அதற்கு இதுவரை மூன்று தமிழ்ச் சொற்கள் வந்திருக்கின்றன: நாயோட்ட வீடு, காற்றுவழி வீடு, நடை வீடு. மூன்றையும் வாக்கியத்தில் போட்டு எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. ‘இடைகழி வீடு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

முதலில் வீட்டைப் பார்த்துவிடுவோம். லூசியானா மாநிலத்தின் வடக்கே லிங்கன் பாரிஷில் (அங்கே மாவட்டம் போன்ற பிரிவு) டூபாக் என்றொரு சிற்றூர். அங்கே 1849இல் கட்டிய ஆட்ரி வீடு இன்று அருங்காட்சியகம். மரத்தண்டுகளை அடுக்கி எழுப்பிய இரண்டு கூடுகள், அதாவது தனித்தனி அறைகள், அவற்றின் நடுவே முன்னும் பின்னும் திறந்த ஒரு வழி, எல்லாவற்றையும் சேர்த்து மூடும் ஒரே கூரை. இதுதான் இந்த வகையின் அடிப்படை.

இந்த வடிவம் வந்ததற்கு மரமே ஒரு காரணம். முழுத்தண்டால் சுவர் அடுக்கினால், தண்டின் நீளம்தான் சுவரின் நீளம். மூலைகளில் வெட்டிக் கோத்த சுவரைப் பிறகு நீட்டுவது பெரும்பாடு. அதைவிடச் சில அடி தள்ளி இன்னொரு கூட்டை எழுப்பி, நடுவிலும் கூரையை இழுத்துவிடுவது எளிது. தொடக்கத்திலேயே இரண்டாகத் திட்டமிட்டுக் கட்டியவர்களும் உண்டு. நடுவழியில் எப்போதும் நிழல் இருக்கும், காற்றும் இழுக்கும். கோடைப் புழுக்கத்தில் குடும்பம் அங்கேதான் உட்காரும், காய் அரியும், கண்ணயரும். நாய்களும் அந்த வழியாகத்தான் போய்வரும், பெயரும் அதனால்தான் என்பார்கள்.

சரி, சொற்களுக்கு வருவோம். ‘நாயோட்டம்’ என்றதும் நாயை விரட்டுவதுதான் நினைவுக்கு வருகிறது. ‘ட்ராட்’ என்பது முழு ஓட்டமும் அல்ல, ஓட்டத்துக்கும் நடைக்கும் இடைப்பட்டது. மேலும் அந்த நாட்டிலேயே இதற்குப் பெயர் ஒன்றல்ல. டெக்சஸில் ‘டாக் ரன்’, வேறு இடங்களில் ‘பாசம் ட்ராட்’ (possum trot, பாசம் என்பது அங்குள்ள ஒரு சிறு விலங்கு) என்கிறார்கள். விலங்கு மாறினாலும் வழி மாறவில்லை. ஆகவே நம் சொல் வழியைப் பிடித்துக்கொள்ளட்டும்.

‘காற்றுவழி’ பயனைச் சொல்கிறது, ஆனால் சாளரத்துக்கும் பொருந்திவிடும். ‘நடை’ நல்ல சொல், வீட்டு நுழைவழிக்கு நம்மூரில் வழங்குவதுதான். ஆனால் ‘நடை வீடு’ என்று தனியாகப் பார்த்தால் நடப்பதா, மொழிநடையா, கோயில் நடையா என்று வாசகர் ஒரு நொடி தடுமாறுவார்.

இடைகழிக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. பேச்சில் ரேழி என்று மருவி இன்னும் உயிரோடு இருக்கும் சொல். திருக்கோவலூரில் மழை இரவில் ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று முதலாழ்வார்கள் மூவரும் ஒதுங்கி நின்றது இடைகழியில்தான். வீட்டுக்குள்ளும் இல்லாமல் தெருவிலும் இல்லாமல், கூரையின் கீழ் ஓர் இடம். டாக்ட்ராட்டின் நடுவழியும் அப்படித்தான். எனக்கு இந்தப் பொருத்தம் மிகவும் பிடித்திருக்கிறது.

ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. நம் இடைகழி தெருவாசலிலிருந்து உள்ளே கொண்டுபோகும் ஒடுங்கிய பாதை. அங்கே இருப்பதோ வீட்டையே இரண்டாகப் பிரிக்கும் அகன்ற திறந்தவெளி. உண்மைதான். ஆனால் ‘இடைகழி’ என்று மட்டும் சொல்லாமல் ‘இடைகழி வீடு’ என்று சொல்லும்போது, இடைகழியை நடுவாக வைத்துக் கட்டிய வீடு என்ற பொருள் வந்துவிடுகிறது. பிற்காலத்தில் பலர் அந்த வழியின் இருபுறமும் பலகை அடித்துக் கதவு வைத்து நடுக்கூடமாக்கிக்கொண்டார்கள். அவற்றை ‘மூடிய இடைகழி வீடு’ எனலாம். நாயோட்டத்தை மூட முடியுமா, சொல்லுங்கள்!

இன்னும் தீராதது அந்த இரண்டு கூடுகளுக்கான சொல். அங்கே ‘பென்’ என்கிறார்கள். ‘கட்டு’ என்று எழுதத்தான் எனக்கு ஆசை. ஆனால் நம் இரண்டுகட்டு வீட்டில் கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும், இங்கே பக்கம்பக்கமாக நிற்கின்றன. அதனால்தான் மேலே ‘கூடு’ என்று எழுதிப் பார்த்தேன். தச்சு வேலை தெரிந்த நண்பர்கள் இருந்தால், நாற்புறமும் தண்டு கோத்து எழுப்பிய ஒற்றை அறைக்கு உங்கள் பக்கத்தில் என்ன சொல்வீர்கள் என்று எழுதுங்கள்.