பரங்கிமலை கன்டோன்மென்ட் பக்கம் வளர்ந்தவர்களே, மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

எஸ்டிடி பூத் பையன்:
1999 பிப்ரவரி. ஸ்டேஷன் பக்கம் அப்பாவின் பூத். ஞாயிறு என்றால் ஓடிஏ, அதாவது ராணுவ ஆபீசர் பயிற்சி அகாடமி, பையன்கள் வரிசை கட்டி நிற்பார்கள். ஒட்ட வெட்டிய தலை, நம்ம ஊர் வெயிலிலும் முழுக்கைச் சட்டை, டை, பார்த்திருப்பீர்கள். ஒருத்தன் நம்பர் போட்டான், பேசவே இல்லை. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான். மீட்டரில் சிவப்பு எண் ஓடுகிறது. அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், விடாமல். கடைசியில் "ஜி மா" என்று மட்டும் சொல்லி வைத்தான். பில் 43 ரூபாய், ஐம்பதாகக் கொடுத்தான். சில்லறை இல்லை. அடுத்த வாரம் என்று கையாலேயே சொல்லிவிட்டுப் போனான். மார்ச்சில் அந்த பேட்ச் பாஸ் அவுட். மே மாதம் கார்கில் போர். பூத்தை மூடும் வரை அந்த ஏழு ரூபாய் டிராயரில் தனியாகக் கிடந்தது.

மடிப்பாக்கம் அத்தை:
தம்பி, பாஸ் அவுட் ஆனவர்கள் எல்லாரும் நேரே கார்கிலுக்கா போனார்கள்? நல்லபடியாக இருப்பான், விடுங்கள். என் அண்ணன் மகள் அங்கேதான் பயிற்சி முடித்தாள். 1992இலிருந்தே பெண்களும் அங்கே ஆபீசர் பயிற்சி எடுக்கிறார்கள், ஆனால் எங்கள் சொந்தத்தில் இவள்தான் முதல். பரேடு முடிந்ததும் பெற்றவர்கள்தான் தோளில் ஸ்டார் மாட்ட வேண்டும். அண்ணிக்குக் கை நடுங்கி, ஊசி அவள் விரலிலேயே குத்திவிட்டது. சட்டையில் ரத்தம் படாமல் இருக்க அந்த விரலைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு மற்றக் கையால் மாட்டினாள். ஸ்டார் கோணல். மகள் அசையாமல் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மைதானத்துக்கு மேஜர் பரமேஸ்வரன் பெயர். அங்கேயே பயிற்சி எடுத்து 1972இல் ஆபீசர் ஆனவர், இந்திய அமைதிப் படையோடு இலங்கைக்குப் போய் 1987 நவம்பரில் அங்கே சண்டையில் இறந்தார், போர்வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா வாங்கியவர். நம் தமிழ் ஆள் என்று பெருமையாக இருந்தது.

சுன்னாகத்தான்:
அக்கா, உங்களுக்குப் பெருமை, பிழையில்லை. எனக்கு 1987 என்றால் வேறு. அந்த ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் எங்கட வீட்டு வாசலிலும் இந்திய ஆமி நின்றது. அப்பா உள்ளே கட்டிலுக்குக் கீழே. ஒருவன் வேலிக்கு வெளியே நின்று சுத்தத் தமிழில் "அம்மா, குடிக்கத் தண்ணி கிடைக்குமா" என்று கேட்டான். அம்மா செம்பில் கொடுத்தா. குடித்துவிட்டு, செம்பைத் துடைத்துத் திருப்பித் தந்தான். அவன் போன பிறகுதான் அம்மா அழுதா. ஏன் என்று கடைசி வரை சொல்லவில்லை. இப்ப பம்மலில் இருக்கிறன். பஸ்ஸில் அந்த ஓடிஏ மதில் வரும்போது மற்றப் பக்கம் பார்க்கிறது பழகிப்போச்சு.

ரிட்டயர்டு சர்வேயர்:
அரசியல் வேண்டாமே. என் கதை சின்னது: 1980களில் ஒரு பழைய பங்களாவை அளக்கப் போனேன், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான். ஆனால் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கன்டோன்மென்ட் எல்லைக்குள் வீடு மலிவாக வருகிறது என்று புரோக்கர் சொன்னால் உடனே அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வெறும் பட்டாவை நம்பி அங்கே வாங்க முடியாது. ஜெனரல் லேண்ட் ரிஜிஸ்டர் என்று கன்டோன்மென்ட் நிலப் பதிவேடு ஒன்று இருக்கிறது, அதன் நகலை வாங்கிப் பாருங்கள். 'ஓல்டு கிராண்ட்' என்று போட்டிருந்தால் நிலம் அரசாங்கத்துடையது, கட்டடம் மட்டும்தான் கையில் இருப்பவருக்கு. நோட்டீஸ் கொடுத்து, கட்டடத்துக்கு மட்டும் பணம் கொடுத்துத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி உண்டு. மாடி எழுப்புவதற்கும் கன்டோன்மென்ட் போர்டு அனுமதி வேண்டும். வக்கீலிடமும் காட்டுங்கள், சாதாரண வக்கீல் இல்லை, கன்டோன்மென்ட் சட்டம் தெரிந்தவர்.

எஸ்டிடி பூத் பையன்:
ஐயா, இங்கே யார் வீடு வாங்குகிறேன் என்று சொன்னார்கள்?

பல்லாவரம் பழசு:
எல்லாரும் ஓடிஏ பற்றியே எழுதுகிறீர்கள். அது சீனப் போருக்கு அப்புறம் 1963இல் வந்தது. மலையடிவாரத்தில் ஆங்கிலேயரின் பீரங்கிப் படையான மெட்ராஸ் ஆர்ட்டிலரி முகாம் போட்ட கதை அதற்கு ரொம்ப முன்னால். இங்கே பல்லாவரத்தில், படைகள் பரேடு செய்த மைதானத்துச் சரளைக் குழியில்தான் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் கற்காலக் கைக்கோடரியை எடுத்தார்.

இதெல்லாம் எனக்கு நாற்பது வயதில்தான் தெரியும். எட்டாவது படிக்கும்போது சாக்கடைக்குத் தோண்டிப் போட்ட சரளையில் ஒரு கல் எடுத்தேன். பழுப்பு நிறம், ஒரு முனை கூர், இரண்டு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்ந்திருக்கும். உள்ளங்கையில் வாகாக உட்காரும். அம்மா அதைக் கழுவி ஊறுகாய் ஜாடி மூடிமேல் பாரமாக வைத்தாள், பதினைந்து வருஷம் அங்கேயே இருந்தது. வீட்டை இடித்துக் கட்டியபோது கொத்தனார் அடித்தளத்துக்கு ஜல்லி பத்தவில்லை என்றார். கிடந்த கல்லையெல்லாம் கூடையில் அள்ளிக் கொடுத்தது நான்தான்.