ஒலாபரிப்போடு பெவாசிசுமாப் எதற்கு?

சித்திக்குச் சூலகப் புற்றுநோய், மூன்றாம் கட்டம். கீமோ முடிந்தது. டிஎன்ஏவைச் சரிசெய்ய உதவும் பிஆர்சிஏ மரபணுவில் பழுதில்லை, ஆனால் எச்ஆர்டி சோதனை பாசிட்டிவ். ஒலாபரிப் மாத்திரையோடு பெவாசிசுமாப் ஊசியும் தொடரலாம் என்கிறார் டாக்டர். ஒன்று போதாதா?

பதில் 1:
டிஎன்ஏவின் இரண்டு இழையும் அறுந்தால் சரியாக ஒட்ட அந்தப் புற்றுசெல்லுக்குத் தெரியாது, அதுதான் எச்ஆர்டி. பார்ப் என்கிற இன்னொரு ரிப்பேர் வழியையும் ஒலாபரிப் அடைத்துவிட்டால் செல் செத்துப்போகும். ஊசி, கட்டிக்குப் புது ரத்தக்குழாய் முளைக்காமல் தடுக்கும்.

பதில் 2:
பாவோலா-1 ஆய்வில் எச்ஆர்டி உள்ளவர்களுக்கு இரண்டும் சேர்த்தபோது பாதிப் பேருக்காவது நோய் முற்றாமல் இருந்த காலம் (மீடியன்) 37.2 மாதம், ஊசி மட்டும் என்றால் 17.7. ஆனால் மாத்திரையை மட்டும் கொடுத்து அதில் ஒப்பிடவில்லை, அதனால் உங்கள் கேள்வி நியாயம்தான், டாக்டரிடமே கேளுங்கள்.

பதில் 3:
அப்புறம், ஹீமோகுளோபின், பிபி இரண்டையும் விடாமல் பாருங்கள். மாத்திரை ரத்தசோகை தரும், ஊசி பிபியை ஏற்றும்.