லேண்ட் டிரஸ்ட் வேலை: உள்ளே இருப்பவர்கள் நிஜமாக என்ன செய்கிறார்கள்?

வரைபடப்பித்தன் (கேள்வி):
அமெரிக்காவில் இருக்கிறேன், பல வருடமாக ஜிஐஎஸ் (கணினி வரைபட) மென்பொருள் வேலை. எங்கள் கவுண்டியில் இருக்கும் ஒரு சின்ன லேண்ட் டிரஸ்டில் (நிலத்தைப் பாதுகாக்கும் லாபநோக்கற்ற அமைப்பு) ஸ்டூவர்ட்ஷிப் கோஆர்டினேட்டர், அதாவது அந்த நிலங்களைக் கண்காணிக்கும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். சம்பளம் குறையும், அது தெரிந்ததுதான். புரியாதது வேறு. அங்கே வேலை செய்வது மொத்தம் நான்கே பேர், ஆனால் ஆயிரக்கணக்கான ஏக்கரைப் பாதுகாப்பதாகச் சொல்கிறார்கள், அதிலும் பெரும்பகுதி அவர்களுக்குச் சொந்தமே கிடையாது! அடுத்தவர் நிலத்தை நான்கு பேர் எப்படிப் பாதுகாக்க முடியும்? நாள் முழுக்கக் காட்டில் நடக்கிற வேலையா, இல்லை இதுவும் கடைசியில் ஆபீஸ் வேலைதானா?

ஈரக்காலணி:
நான் பார்ப்பது இதே வேலைதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சொந்தமில்லாத நிலம் என்று நீங்கள் சொல்வது கன்சர்வேஷன் ஈஸ்மெண்ட். நிலம் உரிமையாளர் பெயரிலேயே இருக்கும், அவர் குடியிருக்கலாம், விவசாயம் பண்ணலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். மனைகளாகப் பிரிப்பது, பத்திரத்தில் சொன்னதற்கு மேல் கட்டுவது போன்ற உரிமைகளை மட்டும் விட்டுக்கொடுத்துவிடுகிறார். அது பதிவாகி நிலத்தோடேயே போகும், நாளைக்கு யார் வாங்கினாலும் அவரையும் கட்டுப்படுத்தும். மீறாமல் பார்த்துக்கொள்கிற பொறுப்பு டிரஸ்டுக்கு, காலவரம்பே இல்லாமல்.

நான்கு பேர் என்றால் அநேகமாக ஒரு இயக்குநர், நன்கொடை திரட்ட ஒருவர், நில உரிமையாளர்களோடு பேசி ஈஸ்மெண்டை முடித்துக்கொடுக்க ஒருவர், அப்புறம் நீங்கள். அந்த மூன்றாமவர் வேலைக்கு அசாத்தியப் பொறுமை வேண்டும், அண்ணன் தம்பிகளுக்குள் ஒத்துவராமல் வருடக்கணக்கில் இழுக்கிற குடும்பங்கள் உண்டு. ஆனால் அவருக்குக் கையெழுத்தோடு முடிகிறது. உங்களுக்கு அங்கேதான் ஆரம்பம்.

கையெழுத்தாகும்போது நிலம் எப்படி இருந்தது என்று பேஸ்லைன் அறிக்கை ஒன்று தயாரிப்பார்கள்: வரைபடம், புகைப்படங்கள், இருக்கிற கட்டடம், பாதை, வேலி எல்லாம். பிறகு வருடத்துக்கு ஒருமுறையாவது எல்லையைப் பார்த்துவந்து, அதே இடங்களில் படம் எடுத்து, அறிக்கை எழுதி, உரிமையாளருக்குக் கடிதம் போட வேண்டும். இப்போது செயற்கைக்கோள் படங்களும் உதவுகின்றன, அங்கே உங்கள் ஜிஐஎஸ் நன்றாகவே கைகொடுக்கும். ஒரு நாள் நடந்தால் அதற்கான எழுத்து வேலை இன்னொரு நாளைத் தின்றுவிடும். காட்டில் நடக்கலாம் என்று மட்டும் நினைத்து வருகிறவர்கள் சீக்கிரம் கிளம்பிவிடுகிறார்கள்.

கண்ணில் படும் மீறல்கள் பெரும்பாலும் சின்னவை. பக்கத்து வீட்டுக்காரர் எல்லை தாண்டிப் புல்வெளியை நீட்டியிருப்பார், இல்லாவிட்டால் ஒரு கொட்டகை முளைத்திருக்கும். ஈஸ்மெண்டை மனமுவந்து கொடுத்தவரோடு அபூர்வமாகத்தான் தகராறு வரும். அவருக்குப் பின் வாங்கியவர் பத்திரத்தைப் படித்தே இருக்க மாட்டார், சிக்கல் அங்கேதான். அதனால் நிலம் கைமாறிய உடனே புது உரிமையாளரைப் போய்ப் பார்த்து, சட்டம் பேசாமல் சாதாரணமாக அறிமுகமாகிக்கொள்வதுதான் இந்த வேலையிலேயே முக்கியமான காரியம் என்பேன். மரம் தெரிந்தவரைவிட மனிதர்களிடம் பேசத் தெரிந்தவர் இதில் நன்றாக வருகிறார்.

அப்புறம் உண்ணி. முழுக்கால் சட்டை, காலுறைக்குள் செருகி. வேட்டைக் காலத்தில் ஆரஞ்சு நிற மேலாடை போடாமல் காட்டுக்குள் போகாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
நடுவில் ஒரு கசப்பு. ஈஸ்மெண்டை நன்கொடையாகக் கொடுத்தால் வருமான வரிக் கழிவு உண்டு, அதை வைத்துப் பெரிய விளையாட்டே நடந்தது. முதலீட்டாளர்களைக் கூட்டாகச் சேர்த்து ஒரு நிலத்தை வாங்கி, அதன் மதிப்பைத் தாறுமாறாக ஏற்றிக் காட்டி, போட்டதைவிடப் பல மடங்கு கழிவு எடுத்தார்கள். 2016 கடைசியில் ஐஆர்எஸ் (அமெரிக்க வருமான வரித்துறை) இதைச் சந்தேகப் பட்டியலில் போட்டது, 2022 கடைசியில் வந்த சட்டம் போட்ட பணத்தைப் போல இரண்டரை மடங்கைத் தாண்டினால் பொதுவாகக் கழிவு கிடையாது என்று கட்டிவைத்தது. அதுவும் போக, வரிச்சலுகை வாங்கின நிலத்தில் பாதிக்குமேல் நீங்களும் நானும் கால் வைக்க முடியுமா என்றே சந்தேகம்தான்.

ஈரக்காலணி:
கூட்டு மோசடி நடந்தது உண்மை. அதை அடைக்கச் சட்டம் வேண்டும் என்று கேட்டவர்களில் லேண்ட் டிரஸ்டுகளின் தேசிய அமைப்பான லேண்ட் டிரஸ்ட் அலையன்ஸும் உண்டு, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தக் கழிவுக்கான வரிப் படிவம் 8283-ல் நாங்கள் போடுகிற கையெழுத்து பெற்றுக்கொண்டோம் என்பதற்குத்தான், மதிப்பை ஒப்புக்கொள்வதற்கு இல்லை. ஆனாலும் எண் கண்ணை உறுத்தினால் கையெழுத்துப் போடாமல் நிறுத்துகிற தைரியம் இருக்க வேண்டும். பொதுமக்களுக்குத் திறப்பது எல்லா வகை ஈஸ்மெண்டுக்கும் கட்டாயம் இல்லை. வாழிடம் காப்பாற்றப் போட்டதில் கூட்டம் நடமாடினால் போட்ட காரணமே கெட்டுவிடுமே.

சும்மாபொருளாளர்:
வேறொரு டிரஸ்டின் போர்டில் சம்பளமில்லாத பொருளாளர் நான் (சம்பளம் வாங்குகிற ஆளே இல்லாத டிரஸ்டுகள் நாட்டில் ஏராளம்). நேர்காணலில் அவர்கள் உங்களைக் கேட்பதைவிட நீங்கள் அவர்களைக் கேட்க வேண்டியது அதிகம். கண்காணிப்புக்கென்று தனி நிதி ஒதுக்கியிருக்கிறார்களா? நிலத்தையும் கொடுத்தவரிடம் அதைப் பார்த்துக்கொள்ளப் பணமும் கேட்பது சங்கடமான பேச்சு, கேட்கக் கூச்சப்பட்டு விட்ட டிரஸ்டில் பின்னால் சிரமப்படப்போவது நீங்கள்தான். டெராஃபர்மாவில் சேர்ந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள், மீறல் வழக்குச் செலவுக்காக 2013-ல் லேண்ட் டிரஸ்டுகளுக்கென்றே தொடங்கிய காப்பீடு அது. எல்லாவற்றுக்கும் மேல், பழைய ஈஸ்மெண்டுகள் அத்தனைக்கும் பேஸ்லைன் இருக்கிறதா? பதில் சொல்ல இழுத்தால், முதல் வருடம் முழுக்க அதைச் சரிபண்ணுவதிலேயே போகும்.

பழைய துறை இது, சும்மா நினைக்காதீர்கள். நிலவடிவமைப்பாளர் சார்லஸ் எலியட் முயற்சியில் மாசசூசெட்ஸில் 1891-ல் தொடங்கிய டிரஸ்டீஸ் என்கிற லேண்ட் டிரஸ்ட் இன்றைக்கும் நடக்கிறது.

வரைபடப்பித்தன்:
இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, நன்றி. எனக்குச் செடி கொடி ஒன்றும் தெரியாது, அதனாலேயே தள்ளிவிடுவார்களா?

ஈரக்காலணி:
அது போகப்போக வந்துவிடும். முதலில் உங்கள் பக்கத்தில் பரவும் அந்நியச் செடிகள் நாலைந்தை அடையாளம் காணப் பழகுங்கள், வடகிழக்கு என்றால் ஜப்பானிய பார்பெரியில் ஆரம்பிக்கலாம் (அது அடர்ந்த இடத்தில் உண்ணியும் அதிகம்). அதைவிடப் பத்திரம் படிக்கப் பழகுங்கள். பழைய பத்திரங்களில் எல்லை என்பது கல்சுவர் வழியாக இந்த ஓக் மரம் வரை என்கிற மாதிரி இருக்கும், மரம் எப்போதோ விழுந்திருக்கும். அதை வரைபடத்தில் ஏற்றத் தெரிந்த ஆள் எங்கள் ஆபீஸிலேயே இல்லை, விண்ணப்பத்தில் முதல் வரியில் அதை எழுதுங்கள்.